வண்டி திரும்ப இடம் இருக்கா?

எந்த வண்டியை எந்தச் சந்துக்குள் அனுப்புவதாக இருந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"உள்ள போனா திரும்பறதுக்கு எடம் கீதா?"

டிரைவர் "கீதுக்கா" என்றால்தான் போகச் சொல்வார். "தெரியலக்கா" என்றால், "அப்ப முனையிலயே நில்லு, ஏற வேண்டிய பொண்ண நடந்து வரச் சொல்றேன்" என்பார். நான் அவருக்கு முதலாளி; ஜல்லி லாரியில் கிளீனராக ஏறினவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. இன்றைக்குச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற முப்பத்தாறு வேன்களுக்குச் சொந்தக்காரன். கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று வண்டி உறுமுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கே தோன்றாத கேள்வி அது. ஒரு சந்துக்குள் போவதற்கு முன்னால் வெளியே வருவதைப் பற்றி யோசிக்கிற ஆளை நான் அவருக்கு முன்னால் பார்த்ததில்லை.

பெயரை எழுத மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் 'கன்ட்ரோல் அக்கா'. என்னிடம் பதினோரு வருஷம் கன்ட்ரோல் வேலை பார்த்தார். எந்த வண்டி எங்கே போக வேண்டும், யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், எங்கே டிராபிக் நிற்கிறது, எவன் தூங்கிவிட்டான், எல்லாம் அவர் தலையில். மேஜைமேல் மூன்று போன். ஒன்றைத் தோளில் இடுக்கிக்கொண்டு இன்னொன்றில் பேசுவார்.

டிரைவர் பொய் சொன்னால் காதாலேயே பிடித்துவிடுவார். ஏழுமலை என்று ஒரு டிரைவர், வாய்த்துடுக்கானவன். ஒரு காலையில், "திருப்போரூர் தாண்டிட்டேன்கா" என்றான்.

"ஏண்டா, பின்னாடி ரயில் ஹாரன் கேக்குது. திருப்போரூருக்கு எப்படா ரயில் வுட்டாங்க? செங்கல்பட்டு கேட்டாண்ட டீ குடிச்சிகினு இன்னா கதை வுட்ற?"

"யக்கா, உனக்கு ஒடம்பு ஃபுல்லா காதா?"

"ஆமாண்டா. ஒடம்புதான் நெறைய கீதே, வெக்கறதுக்கு எடமா இல்ல? கெளம்பு."

தன் உடம்பைப் பற்றி மற்றவர்கள் பேசுவதற்கு முன் தானே பேசிவிடுவார். அவர் வேலைக்கு வந்தபோதே நூற்று முப்பது கிலோ இருப்பார். பிறகு நூற்று ஐம்பதைத் தாண்டினார். வேலை கேட்டு வந்த அன்றைக்கு வாசலிலேயே நின்று என் ரூமை ஒரு சுற்றுப் பார்த்தார். கதவைப் பார்த்தார், மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தார், கடைசியாக எனக்கு எதிரில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"கைப்புடி இல்லாத சேர் இருந்தா போடுங்க. இல்லன்னா நின்னுகினே பேசறேன்."

எனக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. அன்றைக்கே வேலை போட்டுக் கொடுத்தேன். அது மட்டுமா? பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி, லாரிக்குப் போடுகிற இரும்புச் சேனலை வெட்டி, அவருக்கென்றே ஒரு நாற்காலி பற்றவைத்தேன். யானை உட்கார்ந்தாலும் அசையாது. செங்கல்பட்டில் எந்த முதலாளி செய்வான் இதை? வருகிறவர்களிடமெல்லாம் அந்த நாற்காலியைக் காட்டிச் சொல்வேன். அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வேன்.

அவர் வீடு ஆபீசுக்குப் பின்சந்து. அண்ணன் வீட்டில் ஒரு அறை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் எண்பது அடி இருக்கும். அதை இரண்டு இடத்தில் நின்று நடப்பார். அதற்கு அப்பால் அவர் போவதே இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு ஒருமுறை வந்தார். சாப்பிட்டு எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியும் அவரோடேயே எழுந்துகொண்டது. இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தார்கள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். மறுநாள் வேலைக்கு வந்தவர், "வாசல பாத்தேன், பந்திக்கு நடுவுல போற வழிய பாத்தேன், சேர பாக்க மறந்துட்டேன் மொதலாளி" என்றார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. ஆயுத பூஜைக்கு வண்டிகளை எல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் வண்டியில் ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வரை ஒரு ரவுண்டு போவது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் கூப்பிடுவேன். வருஷா வருஷம், "போன் வரும் மொதலாளி, நீங்க போய்ட்டு வாங்க" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் தினமும் ஆட்டிவைக்கிற ரோடுகளில் பாதியை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. கேளம்பாக்கத்தில் நெரிசல் என்றால் முட்டுக்காட்டிலிருந்து எப்படி வளைந்து வரவேண்டும் என்று சொல்வார். சதுரங்கப்பட்டினத்தில் எந்தத் தெருவில் மீன் வண்டி குறுக்கே நிற்கும் என்று சொல்வார். எல்லாம் டிரைவர்கள் வாயிலிருந்து வந்தது. ரோட்டைக் காதால் பார்த்த ஆள்.

ஆபரேஷன் பேச்சு வந்தது ஒரு பாத்ரூமால்.

ஆபீஸ் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு நாள் காலை ஷிப்ட் நேரத்தில் மூன்று போனும் மாறி மாறி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. கத்திக்கொண்டே போய்ப் பார்த்தால் அவர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். முட்டி பிடித்துக்கொண்டு கதவுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துவிட்டார். கதவைத் திறந்தால் அவர்மேல் இடிக்கும். அவரால் நகர முடியவில்லை. முக்கால் மணி நேரமாக உள்ளே இருந்திருக்கிறார், கூப்பிடவே இல்லை.

"ஏம்மா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"சத்தம் போட்டா எல்லாரும் வருவாங்களே மொதலாளி."

ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து நானே கீலைக் கழற்றினேன். கடைசி ஸ்குரூ வரும்வரை உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்: "ஏழுமல கேளம்பாக்கம் வருவான், போன எடுத்து கோவளத்தால போவச் சொல்லுங்க." கதவைத் தூக்கி வைத்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. "நான் இந்த ஒடம்புக்குள்ள வந்துட்டேன். திரும்பறதுக்கு எடமே இல்ல" என்றார்.

சும்மா இருக்கிற ஆளா நான்? எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்கிற டாக்டரைச் சென்னையில் தேடிப் பிடித்தேன். என் காரிலேயே அழைத்துப் போனேன். அவருக்குச் சர்க்கரை, முட்டித் தேய்மானம், படுத்தால் மூச்சு நின்றுவிடுகிற கோளாறு எல்லாம் இருந்தது. அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்துகொண்டேதான் தூங்கினார் என்பது டாக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைப்பார்களாம். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, ஏதாவது சந்தேகம் உண்டா என்றார். "பண்ணிட்டா திரும்ப பழையபடி ஆக்க முடியுமா சார்?" என்றார் இவர். முடியாது என்றார் டாக்டர். இவர் முதன்முறையாக, திரும்ப வழி இல்லாத ஒரு சந்துக்குள் போவதற்குச் சரி சொன்னார்.

பிறகு பட்ட பாடு சாதாரணம் இல்லை. "கத்தி வெச்சி கொழுப்ப எடுத்துட்டாங்க, நோவாம எளச்சிட்டா" என்று அவருடைய அண்ணி ஊரெல்லாம் சொன்னார். நோகாமலா? அரை டம்ளர் கஞ்சியை அரை மணி நேரம் உறிஞ்சுவார். ஒரு வாய் கூடினால் வாந்தி. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, குடித்தால் கொஞ்ச நேரம் சாப்பிடக்கூடாது. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சத்து மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது. டிரைவர்கள் பரோட்டா வாங்கி வந்து பிரித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "வயிறு சின்னதாயிடுச்சி மொதலாளி, மனசு இன்னும் பழைய சைசுலயே கீது" என்பார்.

ஏழெட்டு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, "ரூட்ட ஒரு தபா பாக்கணும்" என்றார். ஏழுமலை வண்டியை எடுத்தான். நான் பின்சீட்டில், அவர் முன்சீட்டில். பெல்ட்டை இழுத்து மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இன்னாக்கா, பெல்ட்டு ரிப்பேரா?"

"இல்லடா. மாட்டுது."

வழியெல்லாம் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே, "இப்ப லெப்ட்ல ஒரு பம்பு செட்டு வரணும்" என்பார், வரும். பெருமையாக இருந்தது எனக்கு. பூஞ்சேரி தாண்டி ஒரு ஸ்டாப்பில் வண்டி நின்றது. எங்கள் டிரிப் ஷீட்டில் அது 'டெண்ட்டு கொட்டா ஸ்டாப்', அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகையின் பெயர்.

"டெண்ட்டு கொட்டா எங்கடா?"

"அத இடிச்சி எவ்ளோ நாளாச்சி! அதோ, கல்யாண மண்டபம் கீதே, அதான்."

"அப்பறம் எதுக்குடா டெண்ட்டு கொட்டான்னே சொல்றீங்க?"

"எங்கப்பன் அப்டிதான் சொல்லுவாரு. நாங்களும் சொல்றோம்."

நானும் அப்படித்தான் சொல்வேன். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். இல்லாத ஆலமரம், மூடிப்போன ரைஸ் மில், இடித்த கொட்டகை, இவற்றை வைத்துத்தான் வழி சொல்வோம். எங்களுக்குள் குழப்பமே வராது. ஆனால் அவர் கீழே இறங்கி அந்த மண்டபத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் வெளியூர் பொண்ணு ஒண்ணு புதுசா சேந்துச்சி. டெண்ட்டு கொட்டா எங்கன்னு தெரியாம ரெண்டு நாள் வண்டிய வுட்டுடுச்சி. கண்ணு தெரியலயான்னு போன்ல திட்னேன். அது அழுதுச்சி. இல்லாத கொட்டாவ அது எப்படி பாக்கும் மொதலாளி?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஓய்வு நாள் எல்லாம் ஷேர் ஆட்டோ, பஸ் பிடித்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் போய் நின்றார். நிழல் இருக்கிறதா, பெண்கள் தனியாக நிற்கலாமா, எதிரில் இப்போது என்ன கடை இருக்கிறது என்று நோட்டில் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டாப்புகளின் பெயரை மாற்றினார். டிரைவர்கள் முனகினார்கள். ஆனால் ஸ்டாப்பில் வண்டியைத் தவறவிடுகிற ஆள் அதற்குப் பிறகு இல்லை. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள வெட்டவெளியில் ஏழுமலையிடமே வேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்சும் எடுத்துவிட்டார்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் நான் ஒரு காரியம் செய்தேன். அவருடைய பழைய போட்டோவைப் பெரிதாக அடித்து, அந்த இரும்பு நாற்காலியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் அவரை நிற்கவைத்து மாலை போட்டேன். "பாருங்கடா, இது நேத்து, இது இன்னிக்கி! யாரு கூட்டிகினு போனது ஆஸ்பத்திரிக்கு? நான்!" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மாலையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற வண்டியின் கண்ணாடியில் மாட்டினார்.

"எளச்சதுக்கு மாலை போடறீங்க மொதலாளி. இத்தினி வருஷத்துல உங்க வண்டிங்கள நான் ஒரு நாள் கூட வழி தெரியாம நிக்க வுட்டதில்ல. அந்த வேலைய பாத்தது இந்த போட்டோல இருக்கறவதான். அவளுக்கு யாரும் போடலியே."

பேசிவிட்டு போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வந்து கேட்டார்: கன்ட்ரோல் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள், எனக்கு ஒரு ரூட் கொடுங்கள், வண்டி ஓட்டுகிறேன்.

"ஆள் பாக்கறேம்மா" என்றேன்.

பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் போய்விட்டால் முப்பத்தாறு வண்டியும் முப்பத்தாறு பக்கம் போகும். அதற்குப் பதில் அவருக்குக் கண்ணாடி போட்டு ஒரு கேபின் கட்டினேன். ஏ.சி. வைத்தேன். சுழல்கிற புது நாற்காலி, அவருடைய இப்போதைய உடம்புக்கு அளவெடுத்தாற்போல. இந்த ஏரியாவில் எந்த டிராவல்சிலும் கிடையாது. திங்கட்கிழமை தவறாமல் வந்து நிற்பார். "ஆள் கெடச்சாங்களா மொதலாளி?" "பாத்துகினே கீறேம்மா." ஒரு திங்கட்கிழமை எனக்கே பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"உனக்கு இன்னாம்மா கொற? எவ்ளோ செஞ்சிருக்கேன்?"

"செஞ்சீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க செஞ்சதெல்லாம் உக்கார்றதுக்குதான் மொதலாளி. எழுந்திருக்கறதுக்கு ஒண்ணும் செய்யல."

ஆனாலும் ஆள் பார்க்கவில்லை. அவர் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. கண்ணாடிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது வெளியில் தெரியும், குரல் கேட்காது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, மூடுவார். வேறு நினைப்பு வந்தால் சும்மாவே அந்த நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். பழைய உடம்பில் இருந்தபோது சிரித்த அளவுக்குக்கூட அவர் அப்போது சிரிக்கவில்லை.

ஒரு காலை, ஏழுமலை போன் செய்தான். பைக்கில் விழுந்து கால் வீங்கிவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியாது. அவனுக்கு அப்போது கடற்கரை ரூட். சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்துப் பதினான்கு பேர் ஸ்டாப் ஸ்டாப்பாக நிற்பார்கள். மாற்று டிரைவர் இல்லை. "கேன்சல்னு சொல்லிடும்மா" என்றேன். அவர் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார்.

நான் போய் கேபின் வாசலில் நின்றேன்.

"நீ போயிட்டா போன யாரு எடுப்பா?"

"நீங்க."

"டிரிப் ஷீட்டு இங்கிலீஷ்ல கீது. எனக்கு படிக்க வருமா?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாள்கட்டு எடுத்து வைத்தார். முப்பத்தாறு வண்டி, அத்தனை ஸ்டாப், அத்தனை டிரைவர் நம்பர், எல்லாம் தமிழில், கொட்டை கொட்டையான எழுத்தில்.

"மூணு மாசமா எழுதனேன். நீங்க ஆள் தேடலன்னு தெரியும். கடைசில இங்க நீங்கதான் உக்காருவீங்கன்னும் தெரியும்."

நான் நகரவில்லை. அவர் எனக்கும் கதவு நிலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார்.

"இப்ப இந்த சந்துல நான் பூந்து போயிடுவேன் மொதலாளி. ஆனா நீங்களா நகந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

நகர்ந்தேன்.

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. இரண்டாவது கியர் கொஞ்சம் சீக்கிரம் போட்டார், மற்றபடி சுத்தமான கை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இல்லை. மூன்று போனும் அடித்தன. உட்கார்ந்தேன். "அக்கா இல்லியா?" "ரூட்ல கீது." "ரூட்லயா? அக்காவா?" ஒவ்வொருவனுக்கும் இதையே சொன்னேன். ஒருவனைத் தப்பான ஸ்டாப்புக்கு அனுப்பினேன், இன்னொருவன் என்னையே திட்டினான், யார் என்று தெரியாமல். மூன்று மணி நேரம் ஒன்றுக்குப் போகக்கூட எழ முடியவில்லை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிரில் என் கேபின் கதவு மட்டும்தான் தெரிகிறது, ரோடு தெரியவில்லை. கட்டும்போது நான் அங்கே ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பத்து மணி சுமாருக்கு வேன் உள்ளே வந்தது. அவர் இறங்கி வந்தார். சேலை முந்தானை வியர்வையில் ஒட்டியிருந்தது. கேபினுக்குள் வரவில்லை. தாள் வாங்கக் கண்ணாடியில் விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாக டிரிப் ஷீட்டை நீட்டினார். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டிரைவர் பெயர் என்கிற கட்டம் காலியாக இருந்தது. அதை ஆபீசில்தான் எழுத வேண்டும், இது வரைக்கும் அவர்தான் எல்லோருக்கும் எழுதுவார்.

பேனாவை எடுத்தேன். எழுத்துக் கூட்டித் தமிழில் அவர் பெயரை எழுதினேன். அப்புறம் நின்றுவிட்டேன்.

"இனிஷியல் இன்னாம்மா?"

பதினோரு வருஷம் கழித்துக் கேட்டேன். சொன்னார். எழுதினேன். தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, ஓட்டைக்குக் குனிந்தார்.

"அடுத்த டிரிப்பு எத்தினி மணிக்கு மொதலாளி?"

நான்தான் அவர் எழுதிய தாள்கட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.